குளிர் கீழே இருந்துதான் வந்தது

உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே, பட்டப்பகலில், நான் தொங்கிக்கொண்டிருந்தேன்.

வானகரத்தில் அப்போது ஒரு கோல்டு ஸ்டோரேஜ் இருந்தது. தடித்த கதவு, உள்ளே கூரை முட்ட மூட்டையும் மரப்பெட்டியும். வெளியே வெயில் ரோட்டுத் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. உள்ளே மூச்சு விட்டால் புகை வந்தது. பீடி குடிக்காமலே வாயில் புகை வருவது வேடிக்கையாக இருந்ததால் இரண்டு மூன்று தரம் வேண்டுமென்றே ஊதிப் பார்த்தேன்.

இரண்டு இரும்புத் தூண்களுக்கு நடுவில் தார்ப்பாயில் ஏணை கட்டியிருந்தேன். அந்த ஏணைக்குள், பட்டாளத்துக்காரர்கள் மலையில் புகுந்து தூங்கும் பை ஒன்று. அந்தப் பைக்குள் நான். கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டுக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தேன்.

கதவு ஒரு சாண் திறந்தது. வாட்ச்மேன் சின்னப்பன் தலையை மட்டும் நீட்டினான்.

"யக்கா, உயிரோட கீறியா?"

"கீறேன். கதவைச் சாத்து, குளிர் வெளிய போவுது."

"குளிர் போவுதாமே! மொதலாளி வந்து கெழங்கை எண்ணுனா, ஒண்ணு அதிகமா கீதேன்னு கேப்பாரு. நான் இன்னா சொல்றது?"

"பெங்களூர் கெழங்கு, கொஞ்சம் பெரிய சைஸுன்னு சொல்லு."

அவன் சிரித்துக்கொண்டே சாத்தினான். நான் மறுபடி கண்ணை மூடி, உடம்பில் எங்கே குளிர்கிறது என்று ஒவ்வோர் இடமாக யோசித்துப் பார்க்க ஆரம்பித்தேன். அதற்காகத்தான் வந்தேன். கால் விரல், இல்லை. வயிறு, இல்லை. தோள், இல்லை.

முதுகு. முதுகு மட்டும் பச்சைத் தண்ணீரில் நனைந்த மாதிரி இருந்தது.

மேலே மூன்று கம்பளி

எங்கள் வீட்டுக்காரர் ஏழுமலை வடக்கு லைன் லாரி ஓட்டினார். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புச் சாமான் ஏற்றிக்கொண்டு போவார். திரும்பும்போது காஷ்மீர் ஆப்பிள். எண்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. என் இரண்டாவது பெண்ணுக்குப் பால்பல் விழுந்த சமயம்.

லாரிக்காரர்கள் லாரியின் அடியில் ஏணை கட்டிப் படுப்பதைப் பற்றிப் போன வாரம் பெண்ணிடம் சொல்லி எழுதவைத்திருந்தேன். அதைப் படிக்காதவர்களுக்காக ஒரு வரி. பிள்ளையைப் புடவையில் போட்டு ஆட்டுகிறோமே, அதே ஏணைதான். புடவைக்குப் பதில் தார்ப்பாய், உத்தரத்துக்குப் பதில் லாரியின் அடிச்சட்டம். வெயில் காலத்தில் அதைவிடச் சுகமான படுக்கை கிடையாது என்பார்கள். கீழே காற்று ஓடும்.

மலையில் பனி விழுந்தாலும் அதே காற்றுதான் கீழே ஓடும். அதை யாரும் சொல்வதில்லை.

அங்கே ரோடு அடைத்துக்கொண்டால் லாரிகள் வரிசையாக நிற்கும். ஒரு நாளும் நிற்கும், ஒரு வாரமும் நிற்கும். அசந்தால் பின்பக்கத்திலிருந்து ஆப்பிள் பெட்டியை உருவிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் கூடப் போகும் டிரைவரும் க்ளீனரும் கேபினில் படுக்க, இவர் பின் சக்கரத்தை ஒட்டி ஏணையில் காவல் கிடப்பார். கிடப்பார் என்றுதான் சொல்ல வேண்டும், தூங்குவார் என்று சொல்ல முடியாது. குளிரில் அரை மணி கண்ணயர்ந்தால் அதிகம்.

முந்தின குளிர்காலத்தில் அப்படிப் போய் வந்தவர், வந்த அன்றே ஜுரத்தில் விழுந்தார். நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தார். வெளியே விடும்போது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒரு பக்கத்து நுரையீரல் பாழாயிருக்கு. இன்னொரு தடவை இப்படிக் குளிர் வாங்கிட்டு வந்தார்னா, என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

லாரி முதலாளி நல்ல மனுஷர். "ஏழுமலை, இந்த வருசம் உள்ளூர்ல மணல் அடி. மலைக்கு வேற ஆளை அனுப்பறேன்" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சோற்றில் கை வைக்கவில்லை.

"மணல் அடிக்கணுமாமே நானு. பன்னெண்டு வருசமா காஷ்மீர் போயிகினு கீறேன், ஒரு பொட்டி தொலஞ்சதில்ல. இன்னிக்கு இன்னா, மணலு!"

"ஒடம்புக்கு ஒத்துக்கலைன்னுதானய்யா சொல்றாரு."

"ஒடம்பு என்னுது. நான் போவேன்."

பேச்சு முடிந்தது. அவரை எனக்குத் தெரியும். போவது நிச்சயம். திரும்பி வருவதுதான் நிச்சயமில்லை.

நிறுத்த முடியாது என்று தெரிந்தபின் நான் கேட்டது ஒரே கேள்வி. "ஏணையில படுத்தா எங்கய்யா குளுரும்?"

"முதுவுல. மேல மூணு கம்பளி போத்திகினு கீறேன். அப்பவும் முதுவுல ஐஸ் கட்டி வெச்சாப்ல கீது."

மூன்று கம்பளி மேலே. குளிர் கீழே. இது என் மண்டைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது.

வாத்து

எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஸ்டெல்லா இருந்தாள். ஆவடிக்கு பஸ் ஏறித் தையல் வேலைக்குப் போகிறவள். அவளுடைய அக்கா புருஷன் பட்டாளத்திலிருந்து வந்தவர். மலை மேலே காவலுக்கு நின்றபோது படுத்திருந்த பை ஒன்றை அவர் வீட்டுப் பரணில் போட்டு வைத்திருந்தார். இங்கே அதற்கு என்ன வேலை? எனக்காக ஸ்டெல்லா கேட்டதும் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, தலையில் போட்ட முக்காட்டைக்கூட எடுக்காமல், இடுப்பில் பிள்ளை மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாசிப்பச்சை நிறம். பூச்சியுருண்டை வாசனை. ஆள் உயரம். பக்கவாட்டில் நீளமாக ஜிப்.

"இன்னாக்கா கனமே இல்ல? எங்க மாமா பனியில இதுக்குள்ளதான் படுத்திருந்தாராம்."

எனக்கும் அதுதான் ஆச்சரியம். ஒரு கம்பளியின் கனம்கூட இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒரு பொருளை என்னால் வைத்துக்கொள்ள முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படி. மூலையில் நாலு தையலைப் பிரித்தேன்.

புஸ்ஸென்று வெள்ளையாக ஏதோ கிளம்பி வீடெல்லாம் பறந்தது. எங்கள் இரண்டு பேர் மூக்கிலும் ஏறி, தும்மித் தும்மி, ஸ்டெல்லாவின் டீயிலும் நாலு விழுந்தது.

"எறகுக்கா! வாத்து எறகு!"

"போடி. வாத்து எறகுல காம்பு இருக்கும். இதுல காம்பே இல்லியே."

"நெஞ்சாண்ட உள்ள இருக்குமாம், பூ மாதிரி. மாமா சொன்னாரு."

ஒரு சிட்டிகை எடுத்து விரல் நடுவில் அழுத்தினேன். ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. விரலை விட்டேன். மறுபடி எலுமிச்சம்பழம் அளவுக்கு உப்பி எழுந்தது. அழுத்த, ஒன்றுமில்லை. விட, உப்பல். டீ ஆறுகிற வரைக்கும் அதையே செய்துகொண்டிருந்தேன். ஸ்டெல்லாவுக்கு என் புத்தியில் சந்தேகமே வந்துவிட்டது.

அப்போது கொரட்டூர் ஏரி ஞாபகம் வந்தது. என் நாத்தனார் வீடு அங்கே. மார்கழிக் காலையில் போனால், கால் வைக்க முடியாத குளிர்ந்த தண்ணீரில் வாத்துகள் அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். இவ்வளவு தண்ணீர் அடியில் இருக்க, அதற்கு வயிறு குளிராதா என்று நாத்தனாரைக் கேட்டிருக்கிறேன். "வாத்தாண்டயே போய்க் கேளு அண்ணி" என்று சொல்லிவிட்டாள்.

கேட்காமலே விட்டது தப்பு என்று பின்னால் தெரிந்தது.

இழுத்துத் தைக்கிற கை

இங்கே என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெருமைக்காக இல்லை. சரி, பெருமைக்கும்தான்.

நசரத்பேட்டை ரோட்டோரத்தில் லாரி செட்டுகள் வந்த புதிதில், தார்ப்பாய் தைக்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அதுவரை அங்கே பொம்பளை யாரும் கோணி ஊசி பிடித்ததில்லை. என் படிப்பு மூன்றாம் வகுப்பு. பஸ் நம்பர் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். ஆனால் ஒரு லாரியைச் சுற்றி ஒரு தரம் நடந்து வந்தால், எத்தனை முழம் பாய் வேண்டும் என்று டேப் பிடிக்காமல் சொல்வேன்.

தார்ப்பாய்க்கு ஒரே ஒரு சட்டம். இழுத்துத் தைக்கணும், இழுத்துக் கட்டணும். தொளதொளவென்று விட்டால் தண்ணீர் தேங்கும், காற்றில் அடித்துக் கிழியும். நான் தைத்த பாயைக் கட்டினால் தட்டிப் பார்க்கலாம், மேளம் மாதிரி சத்தம் வரும். "சரோஜா தையல்னா தண்ணியும் போவாது, காத்தும் போவாது" என்று டிரைவர்கள் சொல்வார்கள்.

அந்தக் கையோடுதான் பட்டாளத்துப் பையையும் எடுத்தேன்.

ஏணைக்குள் பையைச் சும்மா போட்டால் அவர் புரளும்போது நழுவும். அதனால் பையின் அடிப்பக்கத்தை ஏணைத் தார்ப்பாயோடு சேர்த்து, மெழுகு நூலில் நெருக்கமாக, இழுத்து இழுத்துத் தைத்தேன். இரண்டு நாள் வேலை. முடித்துத் தட்டிப் பார்த்தேன். மேளம்.

சரி, இது குளிர் தாங்குமா என்று எப்படிப் பார்ப்பது? நம் ஊரில் எங்கே குளிர் இருக்கிறது? ஏழுமலை ஆப்பிள் இறக்குகிற கோல்டு ஸ்டோரேஜ் ஞாபகம் வந்தது. சின்னப்பனும் தெரிந்தவன். ஸ்டோரேஜ் முதலாளி சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்து, பையைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அப்படித்தான் நான் கிழங்கோடு கிழங்காகத் தொங்கினேன்.

அப்பளம்

முதுகு குளிர்ந்தது. ஆனால் விலாவில் கதகதப்பாக இருந்தது. அதே பை, அதே இறகு, ஒரு சாண் தூரம். இங்கே குளிர், அங்கே சூடு. ஏன்?

கையை வெளியே எடுத்து, பக்கவாட்டில் பையைத் தொட்டேன். தலையணை மாதிரி உப்பி இருந்தது. கையை முதுகுக்கு அடியில் கொண்டுபோனேன். அப்பளம். என் எடை முழுக்க அதன் மேல் ஏறி, இறகை நசுக்கி வைத்திருந்தது. போதாததற்கு என் மெழுகு நூல், எழுந்திருக்கவே விடாமல் அதை இறுக்கிப் பிடித்திருந்தது.

எனக்கு விரல் நடுவில் ஒன்றுமில்லாமல் போன அந்தச் சிட்டிகை ஞாபகம் வந்தது.

வாத்து இறகின் மேல் படுப்பதில்லை. தண்ணீர் அதைத் தாங்குகிறது. அடியில் இறகு உப்பலாகவே நிற்கிறது. தரையில் படுக்கிறவனுக்கு அடியில் மண்ணாவது இருக்கிறது. ஏணையில் இருப்பவனுக்கு அடியில் காற்று. அப்படியென்றால் அவனுக்கு அடியில்தான் உப்பல் வேண்டும், அதன் மேல் அவன் எடை விழக் கூடாது.

பையை ஏணைக்கு உள்ளே வைத்ததுதான் தப்பு. ஏணையே பைக்கு உள்ளே இருக்கணும்.

"சின்னப்பா!" என்று கத்தினேன்.

அவன் ஓடி வந்து கதவைத் திறந்தான். "இன்னாக்கா? வெறச்சிகினியா?"

"எறக்கி உடு. தப்பா தைச்சிட்டேன்."

"பன்னெண்டு மணி வெயில்ல, கோல்டு ஸ்டோரேஜ்ல தொங்கிகினு, தப்பா தைச்சிட்டேன்றே. இதுக்கு நீ ஊட்லயே தொங்கியிருக்கலாம்."

இரண்டு நாள் தைத்ததைப் பிரிக்க மூன்று நாள் ஆனது. சொந்தத் தையலைப் பிரிப்பது போல் வயிற்றெரிச்சல் வேறில்லை.

பாவாடை

இனிமேல்தான் கஷ்டம். பை ஒரு பக்கம் திறந்தது, கால் பக்கம் மூடியது. ஏணை உள்ளே புகுந்து இரண்டு பக்கமும் கயிறு வெளியே வர வேண்டுமென்றால் கால் பக்கத்தை வெட்டணும். இருப்பது ஒரே பை. வெட்டினால் வெட்டினதுதான்.

கத்தரிக்கோலை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு காலை நேரம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு வெட்டினேன்.

இறகு கொட்டாமல் விளிம்பை இரட்டையாக மடித்து, அதற்குள் நாடா கோர்த்தேன். தலைப்பக்கமும் அதே மாதிரி. ஏணையை உள்ளே விட்டு, இரண்டு முனையிலும் நாடாவைச் சுருக்கிக் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டால், காற்று நுழைய வழியில்லை. ஜிப் மேல்பக்கம் வரும்படி திருப்பிவிட்டேன். ஆள் ஜிப்பைத் திறந்து ஏணையில் ஏறிப் படுத்து, மறுபடி மூடிக்கொள்ளலாம். எடை தார்ப்பாய்க்கு. பை சுற்றிலும் சும்மா தொங்கும்.

சரியாக அந்த நேரத்தில் ஏழுமலை உள்ளே வந்தார். வெட்டிப்போட்ட துண்டைப் பார்த்தார். நாடாவைப் பார்த்தார்.

"அடிப்பாவி. வெட்டிட்டியா?"

"வெட்டாம எப்டிய்யா ஏணை உள்ள போவும்?"

"இன்னாமே இது, நாடா? என்னை பாவாடை கட்டிகினு தூங்கச் சொல்றியா? பஞ்சாப்காரன் பாத்தா இன்னா சொல்லுவான்?"

"பாவாடைன்னா பாவாடை. உள்ள இருக்கறவன் செத்தானா பொழச்சானான்னுதான் எனக்கு."

பதில் சொல்ல வாயெடுத்தார். இருமினார். இருமலை அடக்கப் பார்த்தார், அடங்கவில்லை. நாங்கள் இரண்டு பேருமே வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

மறுபடி வானகரம், மறுபடி தொங்கல். இந்தத் தடவை முதுகு நன்றாக இருந்தது. இடுப்பில் மட்டும் ஒரு கை அகலத்துக்குக் குளிர். இறங்கிப் பார்த்தால், ஏணை பள்ளமாக இறங்குகிற அளவுக்குப் பை இறங்கவில்லை, சில இடத்தில் ஒட்டிக்கொண்டு நசுங்கியது. தளர்த்திவிட்டேன். இப்போது பை அதிகமாகத் தொங்கி, நடுவில் இடைவெளி விழுந்து, அதில் குளிர் புகுந்தது.

இழுத்தால் நசுங்குகிறது, விட்டால் தொங்குகிறது. இழுத்துத் தைத்தே பெயர் வாங்கினவளுக்கு எவ்வளவு விடுவது என்று தெரியவில்லை. என் கைக்கு அந்த அளவு பழக்கமே இல்லை.

அதற்கும் வழி சின்னப்பனின் சைக்கிளில் இருந்தது. கேரியரில் சாப்பாட்டுத் தூக்கை டியூப் ரப்பரால் கட்டியிருந்தான். தூக்கு சின்னதானாலும் பெரிதானாலும் அதே ரப்பர் பிடிக்கும். அவிழ்த்தேன்.

"யக்கா, என் சோறு!"

"சோத்தை மடியில வெச்சிகினு துன்னு."

பையின் இரண்டு முனையையும் நேராகக் கயிற்றில் கட்டாமல், நடுவில் டியூப் ரப்பரைக் கொடுத்துக் கட்டினேன். ஆள் இறங்கினால் பையும் கூடவே இறங்கியது. புரண்டால் கூடவே வந்தது. நசுங்கவில்லை, இடைவெளியும் விழவில்லை. ஒரு மணி நேரம் கிடந்தேன். பாதியில் வியர்த்து, ஜிப்பைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டேன். கோல்டு ஸ்டோரேஜில் வியர்த்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ரோடு அடைத்துக்கொண்டது

அவரை அதில் ஒரு தரம் படுத்துப் பார்க்கச் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டார். லாரி முதலாளியிடம் மல்லுக்கட்டி மலை லோடு வாங்கிக் கிளம்புகிற அன்று, "லாரியில எடமில்ல" என்றார். நான் பேசாமல் அதைச் சுருட்டி, டூல் பெட்டிக்குப் பின்னால் திணித்துவிட்டு வந்தேன். எடுத்தெறிவாரா, எடுத்துக் கட்டுவாரா, தெரியாது.

கார்த்திகை பாதியில் செட்டில் பேசிக்கொண்டார்கள். மலையில் பனி முன்னதாகவே விழுந்துவிட்டதாம், ரோடு அடைத்துக்கொண்டதாம், மைல் கணக்கில் லாரிகள் நிற்கின்றனவாம். போனவர்கள் யாரிடமிருந்தும் தகவல் இல்லை. நான் ஊசியைக் கோணலாகக் குத்திக் கட்டை விரலைக் கிழித்துக்கொண்டேன். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. ஸ்டெல்லா எனக்காக மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். நான் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். இரண்டு பேரும் பனியைப் பற்றி மட்டும் பேசவில்லை.

ஒரு காலையில் சின்னப்பன் தெரிந்த பையனிடம் சொல்லியனுப்பினான், வண்டி வந்துவிட்டது என்று. எப்படிப் பஸ் பிடித்தேன் என்று ஞாபகமில்லை.

கேட்டுக்கு உள்ளே லாரி நின்றது. ஆப்பிள் வாசனை தெரு வரை அடித்தது. பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். லாரி முதலாளி இடுப்பில் கை வைத்து நிற்க, அவர் எதிரில் ஏழுமலை. தாடி வளர்ந்திருந்தது. தலையைக் குனிந்திருந்தார். இருமவில்லை. நான் அங்கேயே நின்று ஐம்பது வரை எண்ணினேன், இருமவில்லை.

"ரெண்டு பொட்டி காணோம்" என்றார் முதலாளி. "பன்னெண்டு வருசத்துல ஒரு பொட்டி போனதில்ல ஒன் வண்டியில. ஒன்பது நாள் லைன்ல நின்னியே, பின்னால நீதான படுத்திருந்தே?"

"நான்தான் மொதலாளி."

"ஏணைக்கு நேர் மேலயே அறுத்திருக்கான் பாயை. சத்தம் கேட்டிருக்குமே. இன்னா பண்ணிகினு இருந்தே?"

ஏழுமலை நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அவ்வளவு அவமானத்தையும் அவ்வளவு களையையும் நான் ஒன்றாகப் பார்த்ததில்லை.

"தூங்கிட்டேன் மொதலாளி" என்றார்.